கமக்கட்டில் வைத்த தெர்மோமீட்டர்

எட்டு மாத மகனின் உடம்பு அனலாய்க் கொதித்தது. புது டிஜிட்டல் தெர்மோமீட்டரோ 36.4 என்றது. மறுபடி வைத்தால் 37.9. மூன்று நாள் இதே கூத்து.

முதலில் பற்றரியை மாற்றினேன். பிறகு கல்லடியில் ஒரு பாமசியில் நெற்றிக்கு நேரே பிடிக்கும் துப்பாக்கி வகையை வாங்கினேன். ஃபேனுக்குக் கீழே அது இன்னும் குறைத்துக் காட்டியது. காசுதான் போனது.

விளக்கம் முதல் தெர்மோமீட்டரின் பெட்டிக்குள் கிடந்த தாளில், பொடி எழுத்தில் இருந்தது. 16 செக்கனுக்குள் 0.1 பாகைகூட ஏறாவிட்டால் 'முடிந்தது' என்று பீப் அடித்துவிடுமாம். மகன் கையை உதறுவான், நுனி நழுவிச் சட்டையில் படும், ஏற்றம் நிற்கும், உடனே பீப்!

மாமி அவனை மடியில் வைத்துக் கையை அணைத்துப் பிடித்துக்கொண்டார். கமக்கட்டு வியர்வையைத் துடைத்துவிட்டு நுனியைக் குழிக்குள் வைத்தேன். பீப் கேட்டும் எடுக்கவில்லை; ஐந்து நிமிடம் விட்டேன். 38.6. மறுகா வைத்தேன், அதே 38.6. அப்பாடா, இனி நம்பலாம்.

அன்றே டொக்டரிடம் போனோம். மூன்று நாள் காய்ச்சல் என்றதும் டெங்குவுக்கு இரத்தம் பார்க்கச் சொன்னார். இல்லை என்று வந்தது. மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளையென்றால் 38 காட்டினாலே காத்திருக்காமல் ஆசுபத்திரிக்கு ஓடுங்கள்.