முதியோர் மன்றத்தில் ஓவிய வகுப்பு: குன்னூரிலிருந்து சில யோசனைகள்

முதியோர் மன்றத்தில் ஓவிய வகுப்பு தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தப் படத்தை அச்செடுத்துக்கொண்டு போகலாம் என்பதைத்தான். எதையும் அச்செடுக்காதீர்கள். கோடு போட்டுவைத்த மயிலுக்குள் வண்ணம் நிரப்புவது மழலையர் வகுப்புக்கு உரிய வேலை. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் காலமெல்லாம் கவனம் பிசகாமல் வேலை பார்த்தவரையும், நாற்பது வயதுக்குள் மூன்று பிள்ளைகளைக் கரையேற்றிய அம்மாவையும் அதன் முன்னே உட்காரவைப்பது மரியாதை ஆகாது. பார்த்து வரையக் கற்றுக்கொடுங்கள். அதற்குக் கண்ணும் கையும் ஒத்துழைக்கும்படி அறையை அமையுங்கள். ஓவிய ஆசிரியையாக ஓய்வுபெற்ற பிறகு குன்னூரில் வாரந்தோறும் வகுப்பு எடுத்துவருகிறேன். பாதி வேலை அந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

முதலில் வெளிச்சம். அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயதுக்காரருக்குச் சேர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். குன்னூரிலோ தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் உண்டு. பகலிலேயே விளக்குப் போடவேண்டிய நாட்கள் ஏராளம். மேசைகளை ஜன்னலோரம் நகர்த்துங்கள். வலக்கைக்காரருக்கு இடப்பக்கமிருந்து வெளிச்சம் விழவேண்டும். இல்லாவிட்டால் அவர் கையின் நிழலே கோட்டை மறைக்கும். பளபளக்கும் பிளாஸ்டிக் விரிப்பு கண்ணைக் கூசவைக்கும். அதை எடுத்துவிட்டு அடர்ந்த நிறத்தில் பழைய போர்வை ஒன்றை விரித்தால் வெள்ளைத் தாளின் ஓரம் பளிச்சென்று தெரியும்.

வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளாகிறது. அப்போது முதலில் குழம்புவது நீலமும் ஊதாவும். நீலகிரியில் வரைபவர்களுக்கு அவைதாமே வேண்டும்! 2018 இல் பூத்த குறிஞ்சியை நினைவிலிருந்து வரைய உட்காரும் ஐயா, கருநீலத்துக்கும் கறுப்புக்கும் நடுவே தடுமாறுவார். கண்புரை முற்றிய காலத்தில் பிரெஞ்சு ஓவியர் மோனேக்கும் இதே சிக்கல் இருந்தது. 1923 இல் அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் முன், டியூபின் மேலிருந்த பெயரைப் படித்தும், தட்டில் மாறாத வரிசையில் வைத்தும்தான் அவர் வண்ணங்களைக் கையாண்டார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்: ஒவ்வொரு வாரமும் ஒரே வரிசை, பெரிய எழுத்தில் பெயர். எழுத்துத் தெரியாதவர்களுக்குக் கத்தரிக்காய், தக்காளி, எலுமிச்சை என்று சின்னப் படங்களை ஒட்டிவிடலாம்.

மூட்டுவலி உள்ளவர்களால் மெல்லிய தூரிகையைப் பிடிக்க முடியாது. காம்பில் பழைய பருத்தித் துணியைத் தடிமனாகச் சுற்றி நூலால் கட்டிக்கொடுங்கள். கை நடுங்குகிறவர் முழங்கைவரை மேசையில் ஊன்றிக்கொள்ளட்டும். அவருக்குத் தாள் பெரிதாக இருப்பது நல்லது. பக்கவாதத்தால் ஒரு கை மட்டுமே இயங்குகிறவருக்குத் தாளின் நான்கு மூலைகளையும் மேசையோடு டேப் போட்டு ஒட்டினால் போதும், பிறரை எதிர்பார்க்கமாட்டார். நாற்காலிக்குக் கைப்பிடி கட்டாயம் இருக்கவேண்டும். காதை மூடிய குரங்குக் குல்லாவோடு வருபவர்களுக்கு அறையின் மறுகோடியிலிருந்து பேசினால் ஒன்றும் கேட்காது. எதிரே போய் நின்று சொல்லுங்கள்.

வாட்டர் கலரை ஜனவரி முதல் ஏப்ரல் வரை வைத்துக்கொள்ளுங்கள். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) கொண்ட தடித்த தாளாக இருந்தால் நீர் பட்டு அதிகம் நெளியாது. மழைக்காலத்தில் வண்ணம் காயவே காயாது. அப்போது ஆயில் பேஸ்டல்தான் சரி. குளிரில் அது இறுகிவிடும்; உள்ளங்கையில் சற்று நேரம் வைத்திருந்தால் இளகும். பேஸ்டலைக் கரைத்துப் பரப்ப உதவும் டர்பன்டைன் வேண்டவே வேண்டாம். ஜன்னல் சாத்திய அறையில் இளைப்பு உள்ளவர்களால் அந்த நெடியைத் தாங்கமுடியாது.

எதை வரைவது? கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கக்கூடியதை. கேத்தியிலிருந்து வரும் மண் ஒட்டிய கேரட், ஒரு பேரிக்காய், ஒரு தேயிலைக் கொழுந்து. தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்த ஓர் அம்மா, “எனக்குக் கோடு போட வராது டீச்சர்” என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக ஒரு கொழுந்தைக் கொடுத்து, எந்த இலை பெரியது, மொட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று மட்டும் கேட்டேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மொட்டின் மேல் வெண்மையாகப் பூனைமயிர் இருப்பதைக் காட்டி, “இதை எப்படிப் போடுவது?” என்றார். பாடம் தொடங்கவேண்டிய இடம் அந்தக் கேள்வி. அங்கே வண்ணமே வைக்காமல் தாளின் வெள்ளையை விட்டுவிட்டு, சுற்றிலும் பச்சையைக் கொண்டுவர வேண்டும் என்று வேறொரு தாளில் வரைந்து காட்டினேன். அவருடைய தாளில் நான் கைவைக்கவில்லை. நீங்களும் வைக்காதீர்கள். நீங்கள் ஒரு கோடு திருத்தினால் அந்தப் படம் அவருடையது என்பது போய்விடும்.

“சூப்பர் பாட்டி” என்று கைதட்டவும் வேண்டாம். அம்மா, ஐயா என்று அழையுங்கள். எது நன்றாக வந்திருக்கிறது, எது வரவில்லை என்பதைக் காரணத்தோடு சொல்லுங்கள்; அவர்கள் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

ஒன்றரை மணி நேரம் போதும், நடுவில் தேநீர். பதினொரு மணிக்குத் தொடங்கினால் பனிமூட்டம் சற்று விலகியிருக்கும், பஸ்ஸில் கூட்டமும் குறைந்திருக்கும். முடிந்ததும் அவரவர் கையால் பெயரும் தேதியும் போடச் சொல்லுங்கள். பேஸ்டல் படத்தின் மேல் ஒரு பட்டர் பேப்பரை வைத்து, சுருட்டாமல், அட்டையோடு சேர்த்துப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கொடுத்தனுப்புங்கள்.