டேங்க் லெவல் ஆடட்டும், ஓட்டம் ஆடக்கூடாது

ஐப்பசி மழையில் குளத்துக்கு வரத்து தாறுமாறாக இருக்கும். ஒரு நாள் கால்வாய் நிறைய, மறுநாள் கணுக்கால் அளவு. ஆனாலும் மடை வழியாகப் பிசான வயலுக்குத் தண்ணீர் சீராகப் போகும். மட்டம்தான் ஏறி இறங்கும். மட்டத்தை ஒரே இடத்தில் நிறுத்துகிறேன் என்று மடைப்பலகையை ஆட்டிக்கொண்டே இருந்தால் குளம் எதற்கு?

ரசாயன ஆலையில், திரவக் கலவையைக் காய்ச்சிப் பிரிக்கும் டிஸ்டிலேஷன் டவருக்கு முன்னால் நிற்கும் டேங்கும் இப்படி ஒரு குளம்தான். (பாய்லர் டிரம்முக்கு இது ஆகாது. அங்கே லெவலை இறுக்கித்தான் பிடிக்க வேண்டும்.)

முதலில், டேங்க் மட்டத்தைக் கவனிக்கும் லெவல் கன்ட்ரோலர் வால்வை நேராக ஆட்டாமல், வெளியோட்டத்தைப் பிடிக்கும் ஃப்ளோ கன்ட்ரோலருக்கு செட் பாயின்ட் (இவ்வளவு ஓட்டம் வேண்டும் என்ற இலக்கு) கொடுக்கட்டும்.

அடுத்து டேங்கின் நேரம், அதாவது முழு ஓட்டத்தில் டேங்க் நிரம்ப ஆகும் நேரம். லெவல் மீட்டரின் 0 முதல் 100 சதவீதத்துக்குள் 10 கன மீட்டர் பிடிக்கிறது, ஃப்ளோ மீட்டர் மணிக்கு 20 கன மீட்டர் வரை காட்டும் என்று வைத்துக்கொள்வோம். 10-ஐ 20-ஆல் வகுத்தால் அரை மணி, அதாவது 30 நிமிடம். வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள். வரத்தும் போக்கும் சமமாக இருக்கும்போது வெளியோட்டத்தை மணிக்கு 1 கன மீட்டர் கூட்டிப் பாருங்கள்; ஒரு மணி நேரத்தில் லெவல் 10 சதவீதம் இறங்கினால் கணக்கு சரி.

அப்புறம் கெயின்: லெவல் ஒரு சதவீதம் விலகினால் ஓட்டத்தை எத்தனை சதவீதம் மாற்றுவது என்பது. வரத்து மணிக்கு 3 கன மீட்டர் கூடலாம், குறையலாம். 20-க்கு அது 15 சதவீதம். லெவலை 50-இலிருந்து இருபக்கமும் 30 சதவீதம் ஆட விடலாம். 15-ஐ 30-ஆல் வகுத்தால் 0.5. வரத்து இதைவிடத் துள்ளும் என்று பயந்தால் கெயினைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

விலகிய லெவலை கன்ட்ரோலர் எவ்வளவு நிதானமாக 50-க்குத் திருப்ப வேண்டும் என்று சொல்லும் ரீசெட் நேரத்தில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். டேங்கின் நேரத்தை 4-ஆல் பெருக்கி, கெயினால் வகுக்க வேண்டும்: 240 நிமிடம். ஆமாம், நாலு மணி நேரம்! பழக்கதோஷத்தில் 5 நிமிடம் போட்டால் லெவலும் ஓட்டமும் சுமார் 110 நிமிடத்துக்கு ஒரு அலை அடிக்கும். கெயின் அதிகம்போல என்று அதைக் குறைப்பார்கள். ஆட்டம் இன்னும் அடங்காது. அலை அடித்தால் முதலில் ரீசெட் நேரத்தைக் கூட்டுங்கள்.

ஒரு ஷிப்ட் கழித்து ட்ரெண்டைப் பாருங்கள். லெவல் கோடு மேடும் பள்ளமுமாக இருக்க, ஓட்டக் கோடு கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்க வேண்டும். அடுத்த ஷிப்டுக்காரர், "64-ல நிக்குதே அண்ணாச்சி, 50-க்குக் கொண்டு வரட்டுமா?" என்று கட்டாயம் கேட்பார். கைவைக்க வேண்டாம் என்று லாக் புக்கில் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள்.