நாக்கு நமநமக்கும் நாலு மணி: இனிப்பு ஆசையில் நாம் செய்யும் தவறுகள்

மத்தியானச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். பசி என்று சொல்ல முடியாது. ஆனால் வாய் நமநமவென்று இருக்கும். எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறப்போம். உள்ளே மாவும் தயிரும்தான் இருக்கிறது என்று தெரியும். தெரிந்தும் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு மூடுவோம். பத்து நிமிஷம் கழித்து மறுபடி போய்த் திறப்போம், இதற்குள் யாராவது மைசூர்பாகு கொண்டுவந்து வைத்திருப்பார்கள் என்பதுபோல.

எனக்கு இது பல வருஷப் பழக்கம். "நாக்கைக் கட்டத் தெரியாதவன்" என்று என்னை நானே திட்டிக்கொண்டதுதான் மிச்சம். அப்புறம்தான் ஒன்று உறைத்தது. நாலு மணி ஆசையோடு நாலு மணிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். அது கிளம்பியதோ காலை எட்டு மணித் தட்டிலிருந்து. சில நாள் முந்தின ராத்திரியிலிருந்தே.

காலைத் தட்டைக் கண்டுகொள்ளாமல் விடுவது

நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி, தண்ணீராய் ஓடும் சாம்பார், இரண்டு ஸ்பூன் சீனி போட்ட காபி. நம் வீடுகளில் பாதி நாள் காலை இப்படித்தான். அதில் பெரும்பங்கு மாவுச்சத்து. ரத்தத்தில் குளுக்கோஸ் விறுவிறுவென்று ஏறும், அதை இறக்க இன்சுலின் வரும். சிலருக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில், சாப்பிடுவதற்கு முன்பு இருந்த அளவுக்கும் கீழே போய்விடும். 2021-ல் 'நேச்சர் மெட்டபாலிசம்' இதழில் வந்த ஆய்வு இதைத்தான் பார்த்தது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் உடம்பில் சென்சார் ஒட்டிக் கவனித்தார்கள். இந்த இறக்கம் அதிகமாக இருந்தவர்களுக்குச் சீக்கிரமே பசித்தது. இறக்கம் குறைவாக இருந்தவர்களைவிட அன்றைக்கு அவர்கள் சராசரியாக 312 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார்கள். சிறியதாக ஒரு டிபனே சேர்ந்துவிட்டது.

இதைப் படித்துவிட்டு இட்லியை வில்லனாக்க வேண்டாம். நாலுக்குப் பதில் இரண்டோ மூன்றோ, கூட ஒரு முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல், பருப்பு நிறையப் போட்ட கெட்டிச் சாம்பார், அவ்வளவுதான் மாற்றம். பொங்கல் என்றால் பாசிப்பருப்பைக் கொஞ்சம் கூட்டிப் போடலாம். என்னைக் கேட்டால் அடைக்கு ஈடு கிடையாது. நாலு பருப்பும் அரிசியும் கொரகொரப்பாக அரைத்து வார்த்த அடை இரண்டு சாப்பிட்ட நாட்களில், பதினோரு மணி பிஸ்கட் நினைவுக்கே வருவதில்லை.

மத்தியானத்துக்கும் ஒரு சின்ன வித்தை உண்டு. சர்க்கரை நோயாளிகள் சிலரை வைத்து, நியூயார்க்கின் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 2015-ல் ஒரு சிறு ஆய்வு செய்தார்கள். காய்கறியும் கோழியும் முதலில், ரொட்டியும் பழச்சாறும் கடைசியில் என்று மாற்றினார்கள். அதே சாப்பாடுதான். ஆனால் ரத்தச் சர்க்கரை ஏறிய அளவு நன்றாகவே குறைந்தது. நாமோ கூட்டையும் பொரியலையும் "தொட்டுக்க" என்று பெயர் வைத்துத் தொட்டுத்தான் சாப்பிடுகிறோம். சோற்றில் கை வைக்கும் முன் பொரியலில் பாதியை முடித்துப் பாருங்கள்.

காலையில் ஒன்றும் சாப்பிடாமல், "நேத்து கல்யாணச் சாப்பாடு, அதுக்கு இது சரியாப் போச்சு" என்று கணக்கு நேர்செய்பவர்களும் உண்டு. அந்தக் கணக்கு சாயங்காலம் வட்டியோடு திரும்பும்.

தூக்கத்தை இதில் சேர்க்காமல் விடுவது

சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2004-ல் ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு இரவு வெறும் நான்கு மணி நேரம் தூங்க வைத்தார்கள். பசியைக் கிளப்பும் கிரெலின் ஹார்மோன் 28 சதவீதம் கூடியது. போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. இனிப்பும் உப்புமான தின்பண்டங்கள் மீதுதான் அவர்களுக்கு ஆசை குறிப்பாகக் கூடியது. ராத்திரி ஒரு மணி வரை போனைத் தேய்த்துவிட்டு, மறுநாள் சாயங்காலம் மன உறுதியைத் தேடினால் எங்கிருந்து கிடைக்கும்?

"உடம்பு கேட்குது" என்று நம்புவது

சாக்லேட் மீது ஆசை வந்தால் உடம்பில் மக்னீசியம் குறைவு என்று ஒரு வாட்ஸப் பட்டியல் சுற்றுகிறது. அப்படியானால் முருங்கைக்கீரை மீதும் பூசணி விதை மீதும் அல்லவா ஆசை வர வேண்டும்? ராத்திரி பதினொன்றரைக்கு எழுந்து கீரை தேடியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. மூளைக்குச் சர்க்கரை வேண்டும் என்பது இன்னொரு சாக்கு. மூளை நம் எடையில் சுமார் 2 சதவீதம்தான், ஆனால் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவு செய்கிறது. வாஸ்தவம். அதற்கு வேண்டிய குளுக்கோஸைச் சோற்றிலிருந்தும் கல்லீரலின் இருப்பிலிருந்தும் அது எடுத்துக்கொள்ளும். அதற்கென்று லட்டு ஊட்ட வேண்டியதில்லை.

பல நேரம் கேட்பது உடம்பு அல்ல, பழக்கம். வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் 1990-களில் குரங்குகளை வைத்துக் காட்டியது இதை அழகாக விளக்கும். குரங்கின் வாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழும்போது அதன் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் துள்ளின. சாறு வரும் முன் ஒரு அடையாளம் காட்டிப் பழக்கினார்கள். சில நாட்களில் அந்தத் துள்ளல் சாற்றை விட்டு அடையாளத்துக்கு மாறிவிட்டது. அடையாளத்தைக் காட்டிவிட்டுச் சாற்றைக் கொடுக்காமல் விட்டால், வழக்கமான அளவுக்கும் கீழே விழுந்தது.

நமக்கு அந்த அடையாளம் என்னவென்று உட்கார்ந்து யோசித்தால் சிரிப்பு வரும். ஆபீஸில் டீ கொண்டுவரும் அண்ணன் டம்ளர்களை அடுக்கும் சத்தம். டிவி சீரியலின் தொடக்க இசை. பஸ் ஸ்டாண்ட் பேக்கரியின் வாசனை. வாயில் வைத்த பிறகு இருக்கும் சந்தோஷத்தைவிட வைப்பதற்கு முன் இருக்கும் பரபரப்பு பெரியதாக இருப்பதும் இதனால்தான். மூன்றாவது துண்டு மைசூர்பாகு முதல் துண்டு போல இருந்ததே இல்லை. இருந்தும் கை போகிறது.

இதற்கு "நினைக்கவே மாட்டேன்" என்று பல்லைக் கடிப்பது பெரிய தவறு. ஆசை என்பது மனசுக்குள் ஓடும் படம். நெய் மினுங்கும் ஓட்டை ஓட்டையான அந்தத் துண்டு கண்ணுக்குள் வந்துவிட்டால், வராதே என்று சொல்லச் சொல்ல இன்னும் பளிச்சென்று தெரியும். கண்ணையும் கையையும் வேறு எதிலாவது மாட்டிவிட வேண்டும். பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் மூன்று நிமிஷம் டெட்ரிஸ் என்ற கட்டை அடுக்கும் வீடியோ கேமை விளையாட வைத்தே ஆசையின் வேகத்தைக் குறைத்துக் காட்டினார்கள். எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் 15 நிமிஷம் வேகமாக நடக்க வைத்து, சாக்லேட் ஆசை தணிவதைப் பார்த்தார்கள். நான் மொட்டை மாடிக்குப் போய்க் காய்ந்த துணிகளை எடுத்து மடித்து வைப்பேன். வீட்டிலும் நல்ல பேர்.

டப்பாவைக் கண் முன்னால் வைப்பதும் அதே ரகத் தவறு. தீபாவளிப் பலகாரத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்த வருஷம் நான்கு நாளில் தீர்ந்தது. அரிசி டிரம்முக்குப் பின்னால், மூடி தெரியாத எவர்சில்வர் தூக்கில் வைத்த வருஷம் மூன்று வாரம் ஓடியது. அதே வீடு, அதே ஆட்கள்.

நாட்டுச் சர்க்கரைச் சமாதானம்

நம் ஊரில் அதிகம் பேர் விழும் பள்ளம் இதுதான். "நாங்க வெள்ளைச் சர்க்கரையை விட்டு மூணு வருஷம் ஆச்சு, எல்லாத்துக்கும் நாட்டுச் சர்க்கரைதான்" என்று பெருமையாகச் சொல்வார்கள். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எல்லாவற்றிலும் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் தாது உப்புகள் கூட இருக்கும், நல்ல மணம் இருக்கும். கருப்பட்டிக் காபி எனக்கும் பிடிக்கும், ருசிக்காகக் குடிக்கிறேன். ஆனால் "இது நல்லதுதானே" என்று ஒரு ஸ்பூன் கூடுதலாகப் போடும் கையைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கேதான் கோளாறு. ஆசை வெள்ளையா பழுப்பா என்று பார்ப்பதில்லை.

தேனும் அப்படித்தான். அதில் ஐந்தில் நாலு பங்கு சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தேனையும் பழச்சாற்றில் இருக்கும் சர்க்கரையையும் கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் சேர்த்திருக்கிறது. மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் என்கிறது. அந்த ஐந்து சதவீதம் ஏறக்குறைய 25 கிராம், தலை தட்டிய ஆறு டீஸ்பூன். தலை தட்டி என்பதைக் கவனியுங்கள். எங்கள் வீட்டு ஸ்பூனால் வழக்கம்போல் கோபுரமாக அள்ளி எடை மெஷினில் போட்டேன்: 8 கிராம். மூன்று காபியில் அன்றைய கணக்கு முடிந்தது, பாயசமே இன்னும் வரவில்லை.

சர்க்கரைக்குப் பதில் இனிப்பு மாத்திரை போட்டால் ஆசை அடங்கிவிடும் என்று எண்ணுவதும் சரியில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் சூக்கர் குழு 2020-ல் வெளியிட்ட ஆய்வில், எலிகளுக்குச் சர்க்கரைத் தண்ணீரும் செயற்கை இனிப்புத் தண்ணீரும் வைத்தார்கள். இரண்டு நாளில் எலிகள் சர்க்கரைப் பக்கமே போய்விட்டன. நாக்கில் இனிப்பை உணர முடியாத எலிகளும்கூட! குடலில் இருந்து மூளைக்கு ஒரு நரம்பு வழியாகத் தனித் தகவல் போகிறது. நாக்கை ஏமாற்றலாம், குடலை ஏமாற்ற முடியவில்லை. எடை குறைக்க இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2023-ல் சொன்னது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது, அவர்கள் டாக்டரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டியது.

நாளையிலிருந்து ஒரேயடியாக

புத்தாண்டு அன்று டீயில் சர்க்கரையை அடியோடு நிறுத்துவார்கள். பொங்கலுக்குள் பழைய இரண்டு ஸ்பூன் திரும்பிவிடும். சிலருக்கு ஒரேயடி முறை பலித்திருக்கிறது, மறுக்கவில்லை. எனக்குப் பலித்தது பத்து நாளைக்கு அரை ஸ்பூன் குறைப்பது. நாக்கும் இதற்குத் தோதாக மாறும். அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையத்தார் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், மூன்று மாதம் சர்க்கரையைக் குறைத்தவர்களுக்கு அதே புட்டிங் முன்பைவிட அதிகம் இனித்தது. பழையபடி சாப்பிட ஆரம்பித்ததும் நாக்கும் பழையபடி ஆனது.

டீக்கடையில்தான் சிக்கல். "மாஸ்டர், சர்க்கரை கம்மியா" என்பதற்கு ஒவ்வொரு மாஸ்டர் கையிலும் ஒவ்வொரு அர்த்தம். சிலருக்குக் கம்மி என்றால் ஒன்றரை ஸ்பூன். நான் இப்போது "வித்தவுட் ஒண்ணு, சீனி தனியா" என்றுதான் சொல்கிறேன். முதல் வாரம் மாஸ்டர் ஒரு மாதிரி பார்த்தார். இப்போது தூரத்தில் பார்த்ததுமே டம்ளரைத் தனியாக எடுத்து வைக்கிறார்.

இனிப்பே கூடாது என்பதும் என் கட்சி அல்ல. சாப்பாட்டோடு சேர்த்து, தட்டில் வைத்து, உட்கார்ந்து ஒரு துண்டு சாப்பிடலாம். டப்பாவிலிருந்து நின்றபடி எடுத்துப் போட்டுக்கொண்டால்தான் கணக்குத் தெரியாது. குழந்தைகளிடம் "பாகற்காயைச் சாப்பிட்டா லட்டு" என்று பேரம் பேசுவதையும் நிறுத்தலாம். லட்டு பரிசு, பாகற்காய் தண்டனை என்று நாமே சொல்லிக்கொடுக்கிறோம்.

அடக்கவே கூடாத ஆசை

உறவில் ஒரு கல்யாணம். சித்தப்பாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. காலை மாத்திரையைப் போட்டுவிட்டார், பந்தி தள்ளிப்போய் மூன்றாவது பந்தியில்தான் இடம் கிடைத்தது. இலையில் உட்கார்ந்ததும் சோறு வரும் முன்பே ஜாங்கிரியில் கை வைத்தார். சித்தி இலையை அந்தப் பக்கம் இழுத்தார். "போன மாசம் எரநூத்தைத் தாண்டியிருக்கு, ஜாங்கிரி கேக்குதா?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எதிர்வரிசையில் இருந்த நர்ஸ் அக்கா ஒருவர்தான் அவர் நெற்றியில் முத்து முத்தாக வியர்த்திருந்ததையும் விரல் நடுங்கியதையும் கவனித்தார். ஓடிப்போய்த் தண்ணீரில் சர்க்கரை கரைத்துக் கொண்டுவந்தார்.

இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீரென்று இனிப்பு வேண்டும் என்ற தவிப்பு, சம்பந்தமில்லாத கோபம், இவை அதன் அடையாளங்கள். அப்போது சுமார் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று நான்கு டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சரியானதும் சாப்பாடு. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாக்கும். வோக்லிபோஸ் என்ற இன்னொரு சர்க்கரை நோய் மாத்திரையும் சேர்ந்திருந்தால் வீட்டுச் சர்க்கரை வேகமாக வேலை செய்யாது, குளுக்கோஸ் பொடியே தேவை. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

சித்தப்பா அன்று பத்து நிமிஷத்தில் தெளிந்தார். "ஜாங்கிரியை எங்க வச்ச?" என்பதுதான் முதல் கேள்வி. சித்தியின் கைப்பையில் இப்போது மூக்குக் கண்ணாடி, தைலம், பஸ் டிக்கெட்டுகளோடு ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டும் கிடக்கிறது.