பழைய புல்லட்டில் மீட்டர் முள் ஆடினால் எங்கிருந்து தேடுவது?

வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய புல்லட்டில், மின்சாரம் பேட்டரிக்குள் போகிறதா, பேட்டரியிலிருந்து வெளியேறுகிறதா என்பதை ஹெட்லைட் டூமின் (விளக்கைத் தாங்கும் உலோகக் கூடு) மேலுள்ள சிறிய ஆம்பியர் மீட்டர் காட்டுகிறது. அதன் முள் தாறுமாறாக ஆடினாலோ அசையாமல் கிடந்தாலோ உடனே புது மீட்டர் வாங்கி மாட்டுவது பலரின் வழக்கம். பெரும்பாலும் அது வீண்செலவு. குறை மீட்டரில் இருப்பதைவிட அதன் வயர் முனைகளிலும் எர்த்திலும் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் உலோகப் பாதை) இருப்பதே அதிகம். இங்கே சொல்லப்படுபவை பிளாட்டினம் பாயிண்ட் (பிளக்கில் பொறி விழ, காயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு ஸ்விட்ச்) உள்ள, நெகட்டிவ் எர்த் கொண்ட 12 வோல்ட் வண்டிகளுக்கானவை.

டூமைத் திறக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட வேண்டும். பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் சாவியை அடைவதற்கு முன்பே ஆம்பியர் மீட்டரைத் தொட்டுவிடுவதால், சாவியை அணைத்திருந்தாலும் அந்த முனைகள் உயிரோடுதான் இருக்கும். மீட்டரின் பின்னாலுள்ள இரு நட்டுகளும் தளர்ந்திருந்தால் அந்த இடம் சூடேறி, லக் (வயர் நுனியிலுள்ள உலோக வளையம்) பழுப்பேறி, வயரின் உறை விறைத்துப் போயிருக்கும். உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, அடுத்த முனையையோ டூமின் உலோகத்தையோ தொடாதபடி இறுக்க வேண்டும்.

பேட்டரியை மீண்டும் இணைத்து, எஞ்சினை ஓட்டாமல் ஹெட்லைட்டைப் போடுங்கள். முள் மைனஸ் பக்கம் சாய வேண்டும். 60 வாட் பல்பாக இருந்தால் அதற்கு மட்டும் ஏறத்தாழ 5 ஆம்பியர் காட்டும். பிளஸ் பக்கம் சாய்ந்தால் இரு வயர்களும் இடம் மாறியிருக்கின்றன. விளக்கை அணைத்துவிட்டு, சாவி போட்ட நிலையில் கிக்கரை மெதுவாக அழுத்தினால், பாயிண்ட் மூடும்போது முள் மைனஸுக்கு இறங்கி, திறக்கும்போது நடுவுக்கு வரும். சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸரைப் பிடித்து முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகே கிக் அடிக்கும் பழைய பழக்கம் இதை நம்பித்தான் இருக்கிறது. விளக்குக்குச் சாயும் முள் கிக்கருக்கு அசையாவிட்டால் மீட்டரை விட்டுவிட்டுப் பாயிண்டையும், பிளக்குக்கு உயர் வோல்ட் தரும் காயிலையும் பார்க்க வேண்டும். ஐடிலிங்கில் முள் துடிப்பது குறையாகாது. வேகம் கூட்டும்போது பேட்டரி முனைகளில் 15 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் ஆர்ஆர் யூனிட் (சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) சந்தேகத்துக்குரியது.

அடுத்தது எர்த். டூமுக்குத் தனி எர்த் வயர் இல்லாத வண்டியில், மின்சாரம் கிரீஸ் பூசிய ஹேண்டில்பார் பேரிங் வழியாகவே ஃபிரேமுக்குத் திரும்புகிறது. ஹேண்டிலை இடம் வலமாகத் திருப்பும்போது மீட்டர் விளக்கு மங்கித் தெளிந்தால் காரணம் இதுவே. ஹெட்லைட் எரியும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையைப் பெயிண்ட் சுரண்டிய டூமின் உலோகத்திலும் வைத்துப் பார்த்தால், 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டுவது கெட்ட எர்த். டூமிலிருந்து நேராக பேட்டரி நெகட்டிவுக்கு ஒரு தடித்த வயர் இழுத்துவிட்டால் விளக்கு, மீட்டர் இரண்டின் தொல்லையும் பெரும்பாலும் ஒன்றாகத் தீரும்.

பின்னாளில் மாட்டிய, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று ஓடுகிறது என்று காட்டும் டிஜிட்டல் டேக்கோமீட்டரின் சிக்கல் வேறு வகை. புல்லட்டின் பாயிண்ட், கிராங்க் இருமுறை சுற்றினால் ஒருமுறைதான் திறக்கும். ஆகவே எண் நிலையாக, ஆனால் பாதியாகக் காட்டினால் அது செட்டிங் குறை. துள்ளித் துள்ளி ஓடினால்தான் பிளக் தீப்பொறியால் சிக்னலில் கலக்கும் மின் இரைச்சல். அந்த மீட்டரின் சிக்னல் வயரை காயிலிலிருந்து பிளக்குக்குப் போகும் தடித்த வயருடன் சேர்த்துக் கட்டியிருப்பதே முதல் சந்தேகம். அதைப் பிரித்து, முடிந்தவரை தள்ளி, ஃபிரேமின் மறுபக்கமாகக் கொண்டுசெல்லுங்கள். அதன் பிறகும் துள்ளினால் 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் உள்ள பிளக் கேப் போடலாம், அல்லது ரெசிஸ்டர் பிளக் மாட்டலாம். இரண்டில் ஒன்றே போதும். பாயிண்டின் முகம் கருகிக் குழி விழுந்து, ஓடும்போது இடைவிடாமல் நீலப் பொறி தெறித்தால், அந்தப் பொறியை அடக்க வேண்டிய கண்டன்சர் போய்விட்டது. அதை மாற்றி, இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைக்காமல் வேறு எதைச் செய்தும் இரைச்சல் அடங்காது.

வழியில் ஆம்பியர் மீட்டர் உள்ளே அறுந்து வண்டி மொத்தமாக அணைந்தால், அதன் இரு வயர்களையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றி வீடு வந்து சேரலாம். நிரந்தரமாக வோல்ட்மீட்டருக்கு மாறுவோரும் அவ்விரு வயர்களையும் நன்றாக இணைத்துவிட்டு, வோல்ட்மீட்டரின் பிளஸ்ஸைச் சாவிக்குப் பிந்தைய வயரிலிருந்து ஒரு சிறு ஃபியூஸ் வழியாகவும், மைனஸை எர்த்திலும் கொடுக்க வேண்டும்.