பகா எண் தேடும் நிரல் ஏன் இழுக்கிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் சித்தி மகன் போன மாதம் ஒரு பைத்தான் நிரலைக் கொண்டுவந்து காட்டினான். ஒரு லட்சம் வரை உள்ள பகா எண்களைக் கண்டுபிடிக்கும் நிரல். ஓடவிட்டு, டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தோம். லேப்டாப்பின் விசிறி இரைந்துகொண்டே இருந்தது, விடை வரவில்லை. "அண்ணா, இதையே சி-யில எழுதிட்டா வேகமாயிடும்ல?" என்று கேட்டான்.

நிரல் மெதுவாக ஓடினால் முதலில் மொழியை மாற்றத் தோன்றுகிறது. அதுதான் முதல் தவறு. சி-யில் எழுதினால் வேகம் கூடும், சந்தேகமில்லை. ஆனால் செய்யவே தேவையில்லாத வேலையை வேகமாகச் செய்து என்ன பயன்? பிராசஸரின் பல கோர்களில் பிரித்து ஓட்டலாம் என்ற யோசனைக்கும் இதே பதில்தான். முதலில் நிரல் எத்தனை முறை வகுக்கிறது என்று ஒரு தாளில் கணக்குப் போடுங்கள்.

அவனுடைய நிரல் ஒவ்வோர் எண்ணையும் 2-இலிருந்து அதற்கு முந்தைய எண் வரை வகுத்துப் பார்த்தது. மீதி பூஜ்ஜியம் வந்தால் 'பகா எண் இல்லை' என்று குறித்துக்கொண்டது. அது சரி. ஆனால் குறித்த பிறகும் நிற்கவில்லை. 50,000-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டை எண், 2-ஆல் வகுத்ததுமே கதை முடிந்துவிட்டது. நிரலோ அதற்குப் பிறகும் 3, 4, 5 என்று இன்னும் 49,997 முறை வகுத்தது. ஒரு லட்சம் வரை இப்படியே போனால் மொத்தம் சுமார் 500 கோடி வகுத்தல்கள்! முதல் வகுஎண் (மீதியின்றி வகுக்கும் எண்) கிடைத்ததும் லூப்பை, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதியை, விட்டு வெளியேறு என்று ஒரே ஒரு வரி சேர்த்தோம். 500 கோடி 45 கோடியாக இறங்கியது.

மிச்சமிருக்கும் 45 கோடி எங்கே போகிறது? கிட்டத்தட்ட முழுவதும் பகா எண்களுக்கே. அவற்றுக்கு வகுஎண் கிடைக்காது என்பதால் கடைசிவரை போய்த்தான் ஆக வேண்டியிருக்கிறது. இங்கேதான் பலரும் 'பாதி வரை பார்த்தால் போதும்' என்று நிறுத்திவிடுகிறார்கள். எண்ணின் பாதிக்கு மேல் அதன் வகுஎண் எதுவும் இருக்காது என்பது உண்மைதான், ஆனால் அதனால் வேலை பாதிதான் குறையும். வர்க்கமூலம் வரை போனால் போதும். 91-ஐப் பாருங்கள்: 7 × 13. வகுஎண்கள் எப்போதும் ஜோடியாகத்தான் வரும், இரண்டும் ஒருசேர வர்க்கமூலத்தைத் தாண்ட முடியாது. 13-ஐத் தேடிப் போக வேண்டாம், அதற்கு முன்பே 7 மாட்டிக்கொள்ளும். ஒரு லட்சத்துக்குள் மிகப் பெரிய பகா எண் 99,991. பாதி வரை என்றால் ஏறக்குறைய 50,000 வகுத்தல்கள், வர்க்கமூலம் வரை என்றால் 316-உடன் முடிந்தது. மொத்தக் கணக்கு முப்பது லட்சத்துக்கும் கீழே வந்துவிடும்.

வேகம் கிடைத்த சந்தோஷத்தில் விடை கெட்டுப்போவதும் இந்த இடத்தில்தான். பைத்தானில் எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்ச் என்பது கடைசி எண்ணைச் சேர்த்துக்கொள்ளாது. '2 முதல் வர்க்கமூலம் வரை' என்று நினைத்து எழுதுவோம், வர்க்கமூலத்துக்கு ஒன்று முன்னாலேயே அது நின்றுவிடும். 25-க்கு 2, 3, 4 மூன்றாலும் வகுத்துப் பார்த்துவிட்டு, 5-ஐத் தொடாமலேயே 'பகா எண்' என்று சொல்லும். இந்தப் பிழையோடு 100 வரை ஓட்டினால் 4, 6, 8, 9, 15, 25, 35, 49 எட்டும் உள்ளே நுழைந்து, 25 வரவேண்டிய இடத்தில் 33 வரும். ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் எண்ணிக்கையைச் சரிபாருங்கள்: 100 வரை 25, ஆயிரம் வரை 168, பத்தாயிரம் வரை 1,229, லட்சம் வரை 9,592, பத்து லட்சம் வரை 78,498. இந்த ஐந்து எண்களையும் நிரலின் தலைப்பிலேயே குறிப்பாக எழுதி வைப்பது என் வழக்கம். தப்பான விடையை வேகமாகக் கொடுக்கும் நிரலை நான் வேகமான நிரல் என்று ஒப்புக்கொள்வதில்லை.

வர்க்கமூலத்தை லூப்புக்குள் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகக் கணக்கிடாதீர்கள், வெளியே ஒருமுறை போதும். மிகப் பெரிய எண்களுக்குத் தசமப் புள்ளியோடு வரும் வர்க்கமூலம் கொஞ்சம் பிசகலாம். முழு எண் வர்க்கமூலத்துக்கென்றே பைத்தான் 3.8 முதல் ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்) இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

சி, ஜாவாவில் எழுதுபவர்கள் வர்க்கமூலத்துக்குப் பதில் 'வகுஎண்ணின் வர்க்கம் நம் எண்ணைத் தாண்டாத வரை' என்று நிபந்தனை வைப்பார்கள். நல்ல வழிதான், ஆனால் 32 பிட் முழு எண்ணில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் அடங்கும் மிகப் பெரிய எண்ணான 2,147,483,647-ஐச் சோதிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 46,340-இன் வர்க்கம் 2,147,395,600, அதுவரை பிரச்சினை இல்லை. 46,341-இன் வர்க்கம் 2,147,488,281. இது 32 பிட்டில் அடங்காது. ஜாவாவில் சுற்றிக்கொண்டு எதிர்ம எண்ணாகிவிடும். எதிர்ம எண் எப்போதும் நம் எண்ணைவிடச் சிறியதுதானே, லூப் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. சி-யிலோ அதற்கு மேல் என்ன நடக்கும் என்பதற்கே உத்தரவாதம் இல்லை. பெருக்கலை 64 பிட்டில் செய்யுங்கள், முடிந்தது.

அந்த எண்ணைச் சும்மா எடுக்கவில்லை. அது பகா எண் என்று கணித மேதை ஆய்லர் 1772-இல் கையாலேயே நிறுவினார். அதற்கு ஒரு வகுஎண் இருந்தால் 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வர வேண்டும் என்று முதலில் காட்டினார். 46,340 வரை அப்படிப்பட்ட எண்கள் நானூறுகூட இல்லை. எதை வகுக்க வேண்டாம் என்று முதலில் முடிவுசெய்துகொண்டார். நாம் கணினியில் செய்ய வேண்டியதும் அதேதான்.

இரட்டை எண்களைத் தள்ளிவிட்டு ஒற்றை எண்களால் மட்டும் வகுப்பது அடுத்த படி. வேலை பாதியாகும், 2-ஐப் பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள். அதற்கும் அடுத்து, ஏற்கெனவே கண்டுபிடித்த பகா எண்களால் மட்டும் வகுக்கலாம். ஆனால் இதிலும் வர்க்கமூலத்தில் நிறுத்த மறந்துவிடுகிறார்கள். 99,991-க்கு 316 வரையுள்ள 65 பகா எண்கள் போதும். நிறுத்தாவிட்டால் அதற்கு முந்தைய 9,591 பகா எண்களாலும் வகுத்துக்கொண்டிருக்கும்.

சரி, ஓர் எல்லை வரை உள்ள எல்லாப் பகா எண்களும் வேண்டுமென்றால் வகுக்கவே வேண்டாம். பள்ளியில் படித்த எரடோஸ்தனீஸ் சல்லடை இருக்கிறதே, ஒவ்வொரு பகா எண்ணின் மடங்குகளையும் அடித்துக்கொண்டே போய், அடிபடாமல் மிஞ்சுவதை எடுத்துக்கொள்ளும் முறை! ஒரு லட்சம் வரை சலிக்க இரண்டு லட்சத்துக்கும் குறைவான அடித்தல்கள் போதும், அதுவும் வெறும் கூட்டல்தான். என் தம்பி அடுத்து அதைத்தான் எழுதினான். அது முன்பைவிட மெதுவாக ஓடியது!

காரணம் இதுதான். 2 முதல் லட்சம் வரை ஒரு லிஸ்ட் செய்து, மடங்குகளை அதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கியிருந்தான். காகிதத்தில் அடிப்பதைப் போலத் தோன்றினாலும் உள்ளே நடப்பது வேறு. லிஸ்ட்டிலிருந்து ஓர் எண்ணை நீக்கச் சொன்னால், பைத்தான் முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து அதைத் தேடும், கண்டுபிடித்து எடுத்த பிறகு பின்னால் இருக்கும் எல்லாவற்றையும் ஓர் இடம் முன்னே நகர்த்தும். சினிமா தியேட்டரில் ஒருவர் எழுந்து போனதும் வரிசை முழுக்க ஒரு சீட் தள்ளி உட்காருவதைப் போல. யாரையும் நகர்த்தாதீர்கள். எண்ணின் இடத்திலேயே 1 அல்லது 0 என்று குறி மட்டும் வையுங்கள். 7-ஆவது இடத்தில் 1 இருந்தால் 7 பகா எண், அவ்வளவுதான். தேடலும் இல்லை, நகர்த்தலும் இல்லை.

அடிப்பதை 7-க்கு 14-இலிருந்து தொடங்க வேண்டாம், 49-இலிருந்து தொடங்கலாம். 14, 21, 28, 35, 42 எல்லாம் 2, 3, 5 ஏற்கெனவே அடித்தவை. வெளி லூப்பும் 316-உடன் நிற்கட்டும்.

குறி வைக்கும் பெட்டியிலும் கவனம் வேண்டும். 64 பிட் கணினியில் பைத்தான் லிஸ்ட் ஓர் உறுப்புக்கு 8 பைட் பிடிக்கும். பத்து கோடி வரை சலித்தால் 800 எம்பி. உறுப்புக்கு ஒரே ஒரு பைட் பிடிக்கும் பைட்அரே என்றால் 100 எம்பி, ஒற்றை எண்களுக்கு மட்டும் என்றால் 50. அதையும் தாண்டி நூறு கோடி, ஆயிரம் கோடி என்று போகிறவர்கள் மொத்தத்தையும் ஒரே பெட்டியில் வைக்காமல், பிராசஸரின் கேஷ் எனும் சிறிய, வேகமான நினைவகத்தில் அடங்கும் துண்டுகளாகச் சலிக்க வேண்டும்.

அப்புறம், நேரம் அளக்கும்போது விடைகளைத் திரையில் அச்சிடாதீர்கள். 9,592 வரிகளைத் திரையில் காட்டுவதற்கே சலிப்பதைவிட அதிக நேரம் ஆகலாம். எல்லையைப் பத்து மடங்காக்கி நேரம் எப்படி வளர்கிறது என்றும் பாருங்கள். லட்சத்திலிருந்து பத்து லட்சத்துக்குப் போகும்போது, முந்தைய எண் வரை வகுக்கும் நிரலில் வேலை 80 மடங்குக்கு மேல் கூடும். வர்க்கமூலத்தில் நிற்பது சுமார் 25 மடங்கு, சல்லடை 11 மடங்கு.

ஒரே ஓர் எண் பகா எண்ணா என்று தெரிய வேண்டுமென்றால் சல்லடையைத் தொடவே கூடாது. 18 இலக்க எண்ணுக்கு அத்தனை பெரிய பெட்டி எங்கேயும் கிடைக்காது. வேறோர் எண்ணை அடுக்கேற்றி, நம் எண்ணால் வகுத்து மீதி பார்க்கும் ஃபெர்மா சோதனையை மட்டும் நம்பினாலும் ஆபத்து: 561 என்பது 3 × 11 × 17, ஆனால் 2-ஐ வைத்துச் சோதித்தால் பகா எண் மாதிரியே நடந்துகொள்ளும். 2002-இல் கான்பூர் ஐஐடியில் அகர்வால், கயால், சக்சேனா மூவரும் பகா எண்ணா என்று சோதிக்கக் கண்டுபிடித்த ஏகேஎஸ் முறையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். கோட்பாட்டில் அது பெரிய சாதனை. நடைமுறை வேகத்துக்கு, ஃபெர்மா சோதனையை இன்னும் கடுமையாக்கிய மில்லர்–ராபின் சோதனைதான் சரி. அதில் அடுக்கை முழுதாகக் கணக்கிட்டுவிட்டுக் கடைசியில் மீதி எடுக்காதீர்கள், ஒவ்வொரு பெருக்கலிலும் மீதி எடுத்துக்கொண்டே போக வேண்டும். பைத்தானில் அடுக்கைக் கணக்கிடும் பவ் செயற்கூறுக்கு மூன்றாவது எண்ணையும் கொடுத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். 64 பிட்டுக்குள் அடங்கும் எந்த எண்ணாக இருந்தாலும் 2 முதல் 37 வரையுள்ள பன்னிரண்டு பகா எண்களை வைத்துச் சோதித்தால் விடை உறுதி.