மாலாக்கில் காஸ்ட் போடலாமா: குழுவுக்குள் முடிவெடுப்பது எப்படி

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளுக்கு எடைக் கணக்கு மென்பொருளை சி மொழியில் எழுத நாலு பேர் உட்கார்ந்தால் இந்த வாக்குவாதம் கட்டாயம் வரும். நினைவகத்தில் இடம் வாங்கித் தரும் மாலாக் (malloc) தரும் பாயிண்டரை, அதாவது அந்த இடத்தின் முகவரியை, காஸ்ட் செய்ய (நாமே வகை குறித்து மாற்ற) வேண்டுமா? வேண்டாம். சி மொழியின் 1989 தரத்திலிருந்தே, மாலாக் தரும் வகை குறிக்காத வாய்டு பாயிண்டர் தானாக மாறிக்கொள்ளும்; அதே கோப்பை சி பிளஸ் பிளஸ்ஸிலும் கம்பைல் செய்வதாக இருந்தால் மட்டும் போடுங்கள்.

அதைவிட முக்கியம், எத்தனை பைட் வேண்டும் என்று மாலாக்குக்குச் சொல்லும் சைஸ்ஆஃப் (sizeof). கொலுசு எடையை ஃப்ளோட் என்ற தசம எண் வகையில் வைத்திருந்து, துல்லியம் போதவில்லை என்று பாயிண்டரை இன்னும் துல்லியமான டபுள் வகைக்கு மாற்றுகிறீர்கள், ஆனால் எங்கோ கீழே இருக்கும் மாலாக்கில் இன்னும் சைஸ்ஆஃப் ஃப்ளோட் என்றே கிடக்கிறது. நம் கணினிகளில் 8 பைட் வேண்டிய இடத்தில் 4 தான் கிடைக்கும், கம்பைலரும் பெரும்பாலும் வாயே திறக்காது. காஸ்ட் இருந்திருந்தால் எச்சரித்திருக்குமே என்பார்கள், அதில் நியாயம் உண்டு. ஆனால் டைப் பெயரையே எழுதாமல் சைஸ்ஆஃப், நட்சத்திரக் குறி, பாயிண்டர் பெயர் என்று எழுதினால், பாயிண்டரின் வகை மாறும்போது அளவும் தானாக மாறும், அந்தப் பிழைக்கே இடமில்லை. என் ஓட்டு இதற்குத்தான்.

வாங்கிய இடத்தின் அளவை மாற்றும் ரீயாலாக் (realloc) தருவதை நேராகப் பழைய பாயிண்டரில் போடாதீர்கள்; தோற்றால் நல் (NULL, வெற்று முகவரி) வரும், பழைய முகவரி போய்விடும். தற்காலிக பாயிண்டரில் வாங்கி, சோதித்து, அப்புறம் மாற்றுங்கள்.

முடிவானதும் பழைய கோப்புகளை எல்லாம் ஒரே மூச்சில் திருத்த வேண்டாம், கை வைக்கும் ஃபங்ஷனில் மட்டும் திருத்தினால் போதும்.