வாசித்துவிட்டுக் கேமரா எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொங்குப் பக்கம் கேமரா வைத்திருப்பவர்களின் படங்களைத் தொடர்ந்து பார்த்தால் ஒரு சில காட்சிகளே திரும்பத் திரும்ப வரும். திமில் நிமிர்ந்த காங்கேயம் காளை, பொழுது சாயும்போது பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலை, பொள்ளாச்சித் தென்னந்தோப்பு, பவானி கூடுதுறையில் முழுக்குப் போடும் கூட்டம். எல்லாம் நல்ல படங்கள்தான். ஆனால் அடுத்து எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்கும் நாள் எல்லோருக்கும் வரும். அந்த நாளில் புது லென்ஸுக்குப் பணம் சேர்ப்பதைவிட ஒரு கவிதையையோ சிறுகதையையோ எடுத்துக்கொண்டு உட்காருவது அதிகம் உதவும். இதை நான் உறுதியாக நம்புகிறேன். படம் எடுக்கக் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பதே "இப்ப என்ன படிச்சுட்டிருக்கே கண்ணு?" என்பதுதான்.

ஆனால் படித்த கையோடு கிளம்புகிறவர்கள் பலரும் ஒரே மாதிரியான இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். அவற்றைப் பற்றித்தான் இங்கே.

பெயர்ச்சொற்களை மட்டும் பொறுக்கிக்கொள்வது

மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைப்பவை. குறுந்தொகையின் 66ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம்; கோவர்த்தனார் பாடியது. கார்காலத்தில் திரும்பி வருவதாகச் சொல்லிப் போனவன் இன்னும் வரவில்லை. மழை பெய்துவிட்டது, கொன்றையும் பூத்துவிட்டது. தலைவி கலங்குகிறாள். பக்கத்தில் நிற்கும் தோழியோ, இது பருவ மழையே இல்லை, காலம் தப்பி வந்த மழை, அதைக் காரென்று நம்பிப் பூத்த இந்தக் கொன்றைதான் அறிவில்லாதது என்கிறாள்.

இதைப் படித்துவிட்டுப் படம் எடுக்கப் போகிறவர் கையில் என்ன இருக்கும்? கொன்றை, மழை, பெண் என்று மளிகைச் சீட்டுப் போல மூன்று சொற்கள். ஆவணியில் கொன்றையைத் தேடிப் போவார். நம் பக்கம் சரக்கொன்றை சித்திரை, வைகாசி வெயிலில்தான் மரம் தெரியாமல் பூக்கும். அதனால் அடுத்த கோடைவரை காத்திருந்து, மஞ்சள் பூங்கொத்தை நெருங்கி, பின்னணியை மங்கலாக்கி ஒரு படம் எடுப்பார். படம் அழகாக இருக்கும். பாட்டு அதில் இருக்காது.

பாட்டில் இருப்பது வேறு. கண்ணெதிரே சாட்சி நிற்கிறது. அன்பின் காரணமாக ஒருத்தி அதை இல்லை என்று சாதிக்கிறாள். இருவரும் பார்ப்பது ஒரே மரத்தை, ஆனால் ஒருத்திக்குத் தெரிவது இன்னொருத்திக்குத் தெரியக்கூடாது. இதை எடுக்கக் கொன்றையே வேண்டாம். தாராபுரம் பேருந்து நிலையத்தில் வண்டி வரும் திசையைப் பார்த்து நிற்கும் அக்கா தங்கையிடம் கிடைக்கலாம். ஆஸ்பத்திரி வராந்தாவில், கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் தாயின் தோளில் கைவைத்து எதையோ சொல்லிக்கொண்டிருக்கும் மகளிடமும் கிடைக்கலாம். படித்து முடித்ததும் என்னென்ன பொருள் வந்தது என்று குறிக்காதீர்கள். யார் பார்க்கிறார்கள், எங்கிருந்து பார்க்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்ற மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதிய கையோடு ஓடவும் வேண்டாம். சில நாள் ஆறப்போட்டபின் எது மனதில் தங்கியிருக்கிறதோ அதைத் தேடிப் போகலாம்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் வாக்கர் எவன்ஸ் 1926இல் பாரிசுக்குப் போனது எழுத்தாளராகும் ஆசையில்தான். பிறகு கேமராவுக்கு வந்தவர், பிரெஞ்சு எழுத்தாளர்களான பிளாபேரிடமிருந்தும் பொதலேரிடமிருந்தும் கற்றதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பிளாபேரின் கதையில் வரும் பிரெஞ்சுச் சிற்றூரைத் தேடிப்போய் அவர் எடுக்கவில்லை. எழுதுகிறவர் எங்கும் தலைகாட்டாமல், உள்ளதை உள்ளபடி வைத்துவிட்டு விலகி நிற்கும் முறையை எடுத்துக்கொண்டார். 1936இல் அலபாமாவின் பருத்திக் குத்தகைக்காரர் வீடுகளில் அவர் எடுத்த அடுப்படிச் சுவரையும் கட்டிலையும் பழைய பூட்ஸையும் பார்த்தால் அது புரியும்.

பொழுதை விட்டுவிடுவது

நம் இலக்கணத்தில் படம் எடுப்பவருக்கு வேண்டிய வரிசை அப்படியே இருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். மாடு, மரம், பறவை எல்லாம் கருப்பொருள். பிரிவு, காத்திருப்பு, ஊடல் என்பவை உரிப்பொருள். நம்மில் பலர் கருப்பொருளில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறோம். பொழுதுதான் வெளிச்சம், அது முதலிலேயே வைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிப்பதில்லை. ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அதாவது நான்கு மணி நேரம். முல்லைக்கு மாலை. பெரும்பொழுது கார், ஆவணியும் புரட்டாசியும். உரியது காத்திருத்தல்.

இதோடு காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கத்துக் கொறங்காட்டுக்கு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டுக்குப் போங்கள். சுற்றிலும் கிளுவை வேலி, தரையில் கொழுக்கட்டைப்புல், அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம், மேயும் மாடுகள். முல்லை இன்னும் கண்முன் இருக்கும் நிலம் இது. வருகிறவர்களில் பலர் காலை எட்டு மணிக்கு வந்து, மாட்டின் மயிர் மினுமினுக்க எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மாடு விற்பதற்கான படம் என்றால் அது சரி. முல்லையைப் படித்துவிட்டு வந்தவர் சாயங்காலம் வரவேண்டும்.

ஆவணியில் ஆறரை மணி வாக்கில் பொழுது விழும். ஆறு மணிக்கு வெயில் வேலிக்கு மேலாகத் தட்டையாக வரும். புல்லின் பூ மட்டும் பின்னாலிருந்து எரியும், மற்றதெல்லாம் அடங்கிக் கிடக்கும். பிறகு மாடுகளைக் கட்டுத்தரைக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள், படலைச் சாத்துவார்கள். பெரும்பாலானவர்கள் பையைக் கட்டுவது அப்போதுதான். அப்போதுதான் தொடங்க வேண்டும். பொழுது விழுந்து இருபது நிமிடத்துக்கு வானத்தில் வெளிச்சம் நிற்கும், தரையில் இருக்காது. சாத்திய படல், குளம்பு கிளறிய மண், உள்ளே யாருமில்லாத காடு. அப்படி நான் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் நின்று கேட்டார்: "ஏனுங் தம்பி, மாடெல்லாம் போயிருச்சுங்ளே, வெறும் படலைப் போயி எடுக்கறீங்ளே?" யாரோ வரவேண்டியிருக்கிறது என்று பார்ப்பவருக்குத் தோன்ற வேண்டுமானால் வாசல் காலியாக இருப்பதுதான் வசதி.

இந்த நேரத்தில் கேமராவை அதன் போக்கில் விட்டால் அந்தியை மத்தியானமாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறையுங்கள். ஒயிட் பேலன்ஸை டேலைட்டில் வைத்தால் அந்தி நீலம் அப்படியே நிற்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேகாத்து ஆவணியிலும் முழுக்க ஓயாது. ட்ரைபாடில் வைத்து கால் நொடி திறந்தால் புல் ஓடும், படல் நிற்கும். போனில் எடுப்பவர்கள் நைட் மோடை அணைத்துவிட்டு, திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கீழே இழுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டில் வந்த ஊரில் பாட்டைத் தேடுவது

சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர் இதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அருங்கலன்களுக்குப் பேர்போன ஊர் என்று படித்துவிட்டுப் போகிறவருக்கு அங்கே தெரிவது காடும் கல்வட்டங்களும் ஆடு மேய்ப்பவர்களும்தான். ஏமாந்து திரும்பிவிடுகிறார்கள். இரும்பு உருக்கிய உலையும், சூதுபவளம், பச்சைக்கல் மணிகளும், எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் அகழ்வில் கிடைத்தது இந்த மண்ணுக்கடியில்தான். மேலே ஒன்றுமில்லாதது போலத் தெரிவதைத்தான் அங்கே எடுக்க வேண்டும். கீழே கிடக்கும் ஓட்டைப் பொறுக்கி அடுக்கிவைத்துப் படம் எடுக்காதீர்கள். கிடந்த இடம் மாறினால் அதன் சேதி போய்விடும்.

இலக்கியம் மட்டும்தான் எழுத்து என்று நினைப்பது

வீட்டுப் பீரோவில் இருக்கும் பழைய கிரயப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். செக்குபந்தி, அதாவது நிலத்தின் நான்கு எல்லை, சொல்லும் பகுதி வரும்: இன்னார் பூமிக்குத் தெற்கு, தென்வடல் இட்டேரிக்கு மேற்கு, பள்ளத்துக்கு வடக்கு, இன்னார் காட்டுக்குக் கிழக்கு. அடுத்து கிணறு, அதில் பாத்தியம், மாமூல் வண்டித்தடம், மரம் மட்டை எல்லாம் வரும். எங்கே நின்று எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லும் எழுத்து வேறெதுவும் எனக்குத் தெரியாது. நான்கு எல்லையிலும் நின்று ஆளுக்கு நான்கே படம் எடுத்துவரச் சொல்வது நான் பிள்ளைகளுக்குத் தரும் பயிற்சி. இரண்டு வேலிக்கு நடுவே மண் தடமாகப் போன இட்டேரி இப்போது தார்ச்சாலை ஆகியிருக்கும். பள்ளம் இருந்த இடத்தில் சைட் போட்டுக் கல் நட்டிருப்பார்கள். இன்னார் காடு என்றிருந்ததில் இப்போது விசைத்தறி ஓடும். பத்திரத்துக்கும் எதிரில் இருப்பதற்கும் உள்ள தூரம்தான் படம். பத்திரத்தையே சேர்த்துக் காட்டுவதாக இருந்தால் பெயர்களையும் சர்வே எண்ணையும் மறைத்துவிடுங்கள்.

மொய் நோட்டு, மஞ்சள் மண்டிச் சீட்டு, தாத்தா எழுதிய கடிதம் என்று வீட்டுக்கு வீடு இப்படி ஏதாவது இருக்கும்.

எழுத்தையே படமாக எடுத்துவிட்டுத் திருப்தியடைவது

திருப்பூர்ச் சுவர்களில் "சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் டைலர்கள் தேவை" என்ற நோட்டீஸ் பார்த்திருப்பீர்கள். அதை நேராக நின்று, முழுதாக, கூர்மையாக எடுத்தால் பார்ப்பவர் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார். சட்டகத்துக்குள் எழுத்து இருந்தால் கண் முதலில் அங்கேதான் போகும். அதனால் எழுத்தைக் கொஞ்சம் மறையுங்கள். ஆள் நின்று மறைக்கட்டும், ஃபோகஸ் தப்பி மங்கட்டும், "தேவை" என்ற ஒரு சொல் மட்டும் தெரியட்டும். பையோடு ஊரிலிருந்து வந்து இறங்கிய ஒருவர் முன்னால் இருந்தால் அந்த ஒரு சொல் போதும்.

கல்வெட்டு வேறு கதை. அங்கே எழுத்து தெரிந்தே ஆகவேண்டும். ஈரோடு பக்கம் அறச்சலூர் மலையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. வரிக்கு ஐந்தெழுத்தாக ஐந்து வரி, "த தை தா தை த" என்று தொடங்கும். இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், எப்படிப் படித்தாலும் ஒன்றுதான். ஆட்டத்துக்கோ இசைக்கோ உரிய அடவுச் சொற்கள் என்கிறார்கள். தாளத்தை ஒருவர் கல்லில் கட்டம் கட்டி வைத்திருக்கிறார். அதன் முன் நிற்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

இப்படிப்பட்ட எழுத்துக்குச் சுண்ணாம்புக்கட்டி தேய்ப்பதும், மாவு பூசுவதும், தண்ணீர் ஊற்றுவதும் கூடவே கூடாது. கல் கெடும். தவறாகத் தேய்த்த ஒரு கோடு பின்னால் வருபவரைத் தவறாகப் படிக்கவும் வைக்கும். வெளிச்சமே போதும். கேமராவிலிருக்கும் ஃபிளாஷ் நேராக அடித்தால் பள்ளம் மேடு எல்லாம் ஒன்றாகிவிடும். டார்ச்சைப் பாறையோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால் வெட்டின பள்ளத்தில் நிழல் இறங்கி எழுத்து எழுந்து வரும். டார்ச்சை இடப்பக்க மேல் மூலையில் பிடியுங்கள். கீழிருந்து அடித்தால் வெட்டிய எழுத்து புடைத்த எழுத்தாகக் கண்ணுக்குத் தெரியும்.

ஆளைக் கதாபாத்திரமாக்குவது

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இது. நம் பக்கத்துக் கதைகளில் வரும் பாட்டிகளையும் பண்ணையாட்களையும் விரும்பிப் படித்துவிட்டு, அதே சாயலில் ஒருவரைச் சந்தையிலோ வயலிலோ பார்த்ததும் சுட்டுவிடுகிறார்கள். கீழே கதையிலிருந்து ஒரு வரியையும் போட்டுவிடுகிறார்கள். கணவனை இழந்து தனித்துக் கிடந்தவளைப் பற்றிய வரி, வீட்டுக்காரரும் பேரன்களும் சூழ நன்றாக வாழும் ஓர் ஆத்தாவின் முகத்துக்குக் கீழே வந்து நிற்கும். அந்தப் படம் அவர் பேரனின் போனுக்கே வந்து சேரும். சாதியும் வறுமையும் அவமானமும் பேசும் வரி என்றால் காயம் இன்னும் ஆழம். எழுத்தாளர் ஒரு பாத்திரத்தை உண்டாக்கினார். நீங்கள் உயிரோடு இருக்கும் ஒருவர்மேல் அதை ஏற்றுகிறீர்கள்.

"ஏனுங்காத்தா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். எங்கே போடப் போகிறீர்கள், கீழே என்ன எழுதப் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சொல்லத் தயக்கமாக இருந்தால் அந்த வரி அந்தப் படத்துக்கு வேண்டாம். அவரிடமே பேசுங்கள். அவர் சொல்லும் ஒரு வாக்கியம் பெரும்பாலும் புத்தக வரியைவிடப் படத்துக்கு நன்றாகப் பொருந்தும்.

வரியைப் படத்தின்மேல் ஒட்டுவது

ஒரு பாட்டால் படம் பிறந்தது என்பதற்காக அந்தப் பாட்டைப் படத்தின் மேலேயே அச்சடிக்க வேண்டியதில்லை. வரி இருந்தால் பார்ப்பவர் அதற்குப் பொருத்தமான விளக்கமாக மட்டுமே படத்தைப் பார்ப்பார். முதலில் வரியில்லாமல், அந்தப் பாட்டைப் படிக்காத ஒருவரிடம் காட்டுங்கள். அவர் அதைத் தன் கதையாக எதையாவது சொல்லத் தொடங்கினால் படம் தானாக நிற்கிறது. "இது என்னங்க?" என்று கேட்டால் இன்னும் எடுக்க வேண்டியிருக்கிறது.

கண்காட்சியிலோ அச்சிலோ வரியோடுதான் வைக்க வேண்டும் என்றால் உரிமையையும் பாருங்கள். இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். இருக்கிற கவிஞரிடம் ஒரு கடிதம் எழுதிக் கேட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு தருவார்கள். சங்கப் பாடல்களுக்கு அந்தக் கவலை இல்லை. தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களின் நூல்களுக்கும் இல்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அவை நிறையக் கிடக்கின்றன. 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்திலும் பழைய நூல்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒரேயொரு எச்சரிக்கை: பாட்டுக்குக் கீழே இருக்கும் உரைக்குத் தனி உரிமை உண்டு. பாட்டு பொதுச்சொத்து என்பதால் சென்ற ஆண்டு வந்த உரையையும் எடுத்துப் போட்டுவிட முடியாது.